பாட்டை எழுதியவன் யேசுபாதம்

1

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் குறிப்பை நலம் சொல்வதற்காக எழுதவில்லை.

மெல்பர்னுக்குத் தென்கிழக்கில், குளிர்பெட்டி பொருத்திய டிரெய்லர் வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் நான் வெல்டர். காலை பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் தேநீருக்கு விடுவார்கள். போன மாதம் ஒரு நாள் அந்த அறையில் கோட்டயத்துக்காரர் ஒருவர் போனில் பாட்டு வைத்தார். முதலில் பேச்சு வந்தது. வடஆர்க்காட்டு இழுவையோடு ஒரு நடுவயதுக்காரன் பேசுகிறான்.

"எழுதினவர் பேரெல்லாம் கெடையாதுங்க. சொரங்கத்துப் பாட்டு. மண்ணுக்குள்ள இருந்து வந்தது. எல்லாருக்கும் சொந்தம்."

அதன்பின் கிட்டார் வந்தது. கோட்டயத்துக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். பாட்டைவிட அந்தப் பேச்சுதான் தனக்கு உயிர் என்றார். அது என் குரல் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோளில் தட்டியிருப்பார். அந்தத் தட்டலை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் பக்கம், ஊரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் இருக்கிற நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீடுகளில் வைக்கிறார்களாம், ஆட்டோவில் ஓடுகிறதாம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பேச்சு பொய். எழுதியவனுக்குப் பெயர் உண்டு. யேசுபாதம். மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறான்.

2

எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் நான் படிக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் முடித்து, பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் போனபோது பக்கத்து வெல்டிங் பகுதியில் நின்றவன் யேசுபாதம். எங்கள் சபையின் பாடகர் குழுவில் அவன் கிட்டார், நான் இரண்டாம் குரல்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். சினிமாப் பாட்டு வேண்டாம், தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிற குழுக்கள் வேண்டும். இப்போது இண்டி என்கிறார்கள், அப்போது எங்களுக்கு அந்தச் சொல்லெல்லாம் தெரியாது. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரில் ஏதாவது கல்லூரி விழாவில் கடைசி வரிசையில் நிற்போம். அவர்கள் பாடுவது பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். புரிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேசட்டில் தப்பு வராது. நேரில் பாடுகிறவன் தப்பு செய்வான், செய்துவிட்டு நம்மைப் பார்ப்பான். நாமும் பரவாயில்லை என்று பார்ப்போம். அந்த ஒரு பார்வைக்காக அத்தனை மணி நேரம் நின்றுகொண்டே ரயிலில் போய் வந்திருக்கிறோம்.

சுரங்கத்தை மூடிய பிறகு ஷிஃப்ட் சங்கும் இல்லை, ஆளைக் கீழே இறக்குகிற கேஜ் கூண்டும் இல்லை; ஆனாலும் யேசுபாதத்தின் அப்பா பல மாதம் ஷிஃப்ட் நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அதைப் பார்த்துத்தான் அவன் எழுதினான். ஊரிகம் பிளாட்பாரத்துப் பெஞ்சில், ரயில் வராமல் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், பாடகர் குழுவின் பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினான்.

சங்கு ஊதல சங்கு ஊதல
சட்டை மாட்டி நிக்கிறேன்
எறங்க கேஜு இல்ல ஐயா
எந்தப் பக்கம் எறங்குவேன்

அதில் என் பங்கு ஒரு சொல். "சட்டை போட்டு" என்று வைத்திருந்தான், "மாட்டி" என்று வை என்றேன். அவ்வளவுதான். மெட்டு, மற்ற சரணங்கள் எல்லாம் அவனுடையவை.

அறுப்பின் பண்டிகையில் போதகர் ஐயரிடம் அனுமதி கேட்டுப் பாடினோம். ஆராதனைக்குப் பிறகு வெளியே நின்ற பெரியவர்கள் அழுதார்கள். எழுதியவர் பெயரை யாரும் அறிவிக்கவில்லை. எங்கள் சபையில் அது வழக்கம் இல்லை. யார் புதுப் பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தாலும் மகிமை தேவனுக்கே. பாட்டு நோட்டில் ராகம் இருக்கும், தாளம் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. பெயர் கேட்பதே பெருமைக்காரன் வேலை என்றுதான் சிறு வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதை நம்பினேன், இன்றும் பாதி நம்புகிறேன்.

அடுத்த வருடம் யேசுபாதம் மாரியம்மன் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தான். சபைக் கமிட்டி அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. மன்னிப்புக் கேள் என்றார்கள். வாசித்தது கிட்டார்தானே, பூஜை செய்யவில்லையே என்றான். பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் சபைக்கு வருவதையே விட்டுவிட்டான். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதே சபையில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த சமயம். வாய் திறக்கவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம், துபாய், அங்கிருந்து இங்கே.

3

இந்த நாட்டுக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. மகள் ப்ரிசில்லாவுக்கு இப்போது பத்தொன்பது. பதினைந்து வயதில் ஒரு ஞாயிறு காலை, இனிமேல் சபைக்கு வரவில்லை என்றாள். என் மனைவி ஸ்டெல்லா அழுதாள், நான் கத்தினேன். இரண்டுக்கும் பலன் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து ஆமென் வரும்.

எங்களுக்குள் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவளும் பாட்டுக் கேட்க நேரில் போகிறவள். நான் மேடைக்கு முன்னால் எப்படி நிற்பேனோ அப்படியே நிற்பாள், கையைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு சின்னச் சின்னக் குழுக்கள் பாடுகிற இடங்களுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தாள். பெரும்பாலும் பப்புக்குப் பின்னால் உள்ள கூடங்கள். நான் குடிக்கிறவன் இல்லை. எலுமிச்சைச் சோடாவோடு ஓரமாக நிற்பேன். காலையில திருவிருந்து, மத்தியானம் பப்பு, நல்ல மார்க்கம்ங்க உங்களது என்பாள் ஸ்டெல்லா. அவளுக்கு எப்படிச் சொல்வது? மகள் என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்பது அங்கே மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு மதியம், பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்து பாடியது. அறுபது பேர் இருந்திருப்போம். நன்றாகப் பாடினார்கள், சத்தியமாக நன்றாகப் பாடினார்கள். முடிந்ததும் பாடகரே மேஜை போட்டு டீ ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தார். ப்ரிசில்லா என்னை முன்னால் தள்ளி, என் அப்பா கே.ஜி.எஃப்.காரர் என்று அவரிடம் சொன்னாள். அவள் என் ஊரின் பெயரைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாடகருக்குத் தமிழ் தெரியும், நடுவில் கன்னடம் வரும். சுரங்கத்தில் பாடின பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, ஒன்று பாடுங்கள் அங்கிள் என்றார். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள், மகள் நின்றாள். நான் பாடினேன். அவர் என்னிடம் அனுமதி கேட்டு அதைப் போனில் பதிவு செய்துகொண்டார். பாடி முடித்ததும், "யாரு பாட்டு அங்கிள் இது?" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள்.

சபை வழக்கம் நாக்கில் வந்துவிட்டது என்று முதலில் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. இங்குள்ள எங்கள் சபை ஐக்கியத்தில் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், சபையிலிருந்து விலகிப்போனவன் பாட்டு என்று தெரிந்தால் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் கால் பங்கு. மிச்சக் கால் பங்கைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். யேசுபாதம் என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அவர் நம்பர் இருக்கிறதா அங்கிள் என்பதுதான். அதோடு நான் வெறும் தபால்காரன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை நம்பர் இருக்கிறவன் பக்கம் போயிருக்கும்.

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது உயிருக்குப் பயந்தான். என்னிடம் கேட்டவர் டீ ஷர்ட் விற்கிற ஒரு பாடகர். எனக்கு என்ன பயம்?

4

பாட்டு வெளிவந்து பரவிவிட்டது. பாட்டுச் செயலியில் எழுதியவர் என்ற இடத்தில் 'ட்ரெடிஷனல்', அதாவது பாரம்பரியம், என்று போட்டார்கள். என் பேச்சு முன்னால் இருந்தது. ப்ரிசில்லா அதைத் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். இது என் அப்பா என்று சொன்னாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்தாள். தப்பும் தவறுமான தமிழ், ஆனால் தமிழ். நான் வேறு என்ன கேட்டேன் கர்த்தரிடம்?

பிறகு யேசுபாதம் கூப்பிட்டான். பல வருடத்துக்குப் பிறகு.

"இன்னாடா, நல்லா கீறியா? உன் கொரலு நல்லா வுழுந்திருக்குதுடா."

நான் ஏதோ உளறினேன். அவன் கோபப்படவில்லை. ஒப்பந்த வேலை போய், இப்போது பெங்களூரில் ஒரு குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறானாம். தினமும் காலை அதே ரயில். பெட்டியில் பாதிப் பேர் காதில் இந்தப் பாட்டுதான். ஒருநாள் பக்கத்தில் இருந்தவரிடம் இது என் பாட்டு என்று சொல்லியிருக்கிறான். சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஏறும்போதே, வாங்க ட்ரெடிஷனல், உக்காருங்க ட்ரெடிஷனல் என்கிறார்களாம்.

"என் பையன் கூட கேட்டுட்டான்டா, நெசமா நீதான் எழுதினியான்னு. நான் இன்னா காட்டுறது? அந்தத் தாளு எங்க கீதோ. காசு கேக்கல. நீ சொன்னத நீயே மாத்திச் சொல்லு, போதும்."

செய்கிறேன் என்றேன். அதைச் செய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று, மேஜையில் மகளின் தமிழைக் கேட்டுக்கொண்டு தள்ளிப்போட்டேன்.

5

அந்தக் குழு மறுபடி மெல்பர்னுக்கு வந்தது. இந்த முறை பெரிய அரங்கம். ப்ரிசில்லா முன்வரிசையில் இடம் வாங்கியிருந்தாள். ஸ்டெல்லாவும் வந்தாள், பட்டுச்சேலையில்.

நான்காவது பாட்டுக்கோ ஐந்தாவது பாட்டுக்கோ விளக்கை அணைத்தார்கள். என் குரல் வந்தது. "எழுதினவர் பேரெல்லாம்" என்று தொடங்கியதும் அரங்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. தமிழ் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், எல்லோரும் என் இழுவையோடு, நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, "கெடையாதுங்க" என்றார்கள். பக்கத்தில் என் மகளும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் "யேசுபாதம்" என்றேன். கத்தவில்லை, சத்தமாகத்தான் சொன்னேன். அவளுக்கு மட்டும் கேட்டது. பாட்டு முடிகிறவரை காத்திருந்து கேட்டாள்.

"யாருப்பா அது?"

வெளியே அழைத்துப் போய்ச் சொன்னேன். பெஞ்சு, தாள், கமிட்டிக் கூட்டம், ட்ரெடிஷனல், எல்லாம். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிவில் இங்கிலீஷுக்குப் போய்விட்டாள். தன் ஃப்ரெண்ட்ஸிடம் இனி என்ன சொல்வது என்று கேட்டாள். உள்ளே திரும்பிப் போகவில்லை, காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நிகழ்ச்சி முடிந்து பாடகரைப் பார்த்தேன். இப்போது நடுவில் ஒரு மேனேஜர் இருந்தார், இருந்தாலும் பாடகர் மரியாதையாகவே பேசினார். முழுவதும் கேட்டார். "அங்கிள், நீங்கதானே சொன்னீங்க. நாங்க நம்பினோம்" என்றார். எழுத்தில் கொடுங்கள், ஆபீசில் பார்ப்பார்கள் என்றார். அந்தப் பேச்சை மட்டுமாவது எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டு, சார், ஜனங்க வர்றதே அதுக்குத்தான் என்றார்.

6

எழுத்தில் கொடுப்பது என்றால் இந்த நாட்டில் உறுதிமொழிப் பத்திரம். நான் எழுதியதை ப்ரிசில்லா திருத்தினாள். கோபத்தில் இருந்தாலும் திருத்தினாள். சாட்சி சொல்லியிருக்கக்கூடிய அன்றைய பாடகர் குழுத் தலைவர் இறந்துவிட்டார் என்பதற்கு ஊர் வழக்கப்படி எக்ஸ்பயர்டு என்று எழுதியிருந்தேன். பால்தான் எக்ஸ்பயர் ஆகும், மனுஷன் ஆகமாட்டான் என்று அடித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய ஒரே வேடிக்கை அது. இப்போது மேஜையில் தமிழ் இல்லை.

சாட்சிக் கையெழுத்தை இங்கே மருந்துக்கடைக்காரரே போடலாம். இருமல் மருந்துக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, முத்திரை குத்தி, வேறு ஏதாவது வேண்டுமா என்றார். கமிட்டிக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்து ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. கையெழுத்துப் பிரதி உண்டா, அன்றைய பாட்டு நோட்டு உண்டா என்று கேட்டிருந்தார்கள். சபைக்கு எழுதினேன். நோட்டு இருக்கிறது, பாட்டும் இருக்கிறது, பெயர் இல்லை என்று ஆபீஸ் செயலர் பதில் போட்டார். மகிமை தேவனுக்கே என்று முடித்திருந்தார். அதை அப்படியே அனுப்பினேன். குழுவின் வக்கீல் கடைசியாக ஒரு கடிதம் எழுதினார். ப்ரிசில்லா படித்துச் சொன்னாள். எழுதியவர் யாரும் இல்லை என்று நேரில் ஒருவர் சொன்ன சாட்சி ஏற்கெனவே பதிவில் இருக்கிறது, உங்கள் பத்திரம் அதற்கு முரணாக இருக்கிறது, ஆகவே மாற்ற இயலாது.

அந்த நேரில் சொன்ன ஒருவர் நான்தான்.

யேசுபாதத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. போன வியாழன் சாப்பாட்டு இடைவேளையில், இங்கே பன்னிரண்டரை, அங்கே காலை ஏழு, கூப்பிட்டேன். ரயிலில் இருந்தான். வக்கீல் கடிதத்தைச் சொன்னேன்.

"வுடு. வக்கீலு கெடக்கிறான். இங்க கீறவங்களுக்காவது சொல்லு. ஸ்பீக்கர்ல போட்றேன்."

பெட்டியில் இருந்தவர்களை அவன் கையைத் தட்டிக் கூப்பிடுவது கேட்டது. யாரோ, ட்ரெடிஷனல் இன்னாவோ சொல்றாரு, கேளுங்கப்பா என்றார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பிரசங்க பீடத்தில் நிற்கிற மாதிரி நின்று சொன்னேன். அந்தப் பாட்டை எழுதியவர் உங்களோடு தினமும் வருகிற யேசுபாதம், ஊரிகம் ஸ்டேஷன் பெஞ்சில் எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன், நான் சொன்னது பொய்.

"சார் யாரு?" என்றது ஒரு குரல்.

"பாட்டு ஆரம்பத்துல பேசுறாரே, அவரே இவருதான்" என்றான் யேசுபாதம்.

"கொரலு அப்படி இல்லியே" என்றது இன்னொரு குரல். போனில் எந்தக் குரலும் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ எனக்காகப் பேசினார்கள். வாக்குவாதம் ஆனது. ஃப்ரெண்டை வெச்சி செட்டப் பண்றாருடா என்று ஒருவர் சிரித்தார். பிறகு முதலில் கேட்டவர் போனுக்குப் பக்கத்தில் வந்து, நல்ல விதமாகவே சொன்னார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த டயலாக்கை ஒருவாட்டி சொல்லுங்க. அப்ப தெரிஞ்சிடும்."

யேசுபாதம் வேண்டாம் என்பான் என்று காத்திருந்தேன்.

"சொல்லுடா" என்றான். "அப்பதான் நம்புவாங்க."

சொன்னேன். எழுதினவர் பேரெல்லாம் கெடையாதுங்க. சொரங்கத்துப் பாட்டு. மண்ணுக்குள்ள இருந்து வந்தது. கடைசி வரிக்கு நான் வருவதற்குள் பெட்டியே சேர்ந்து சொல்லிவிட்டது. அவரேதான், அவரேதான் என்றார்கள். கை தட்டினார்கள். யாரோ பெஞ்சில் தாளம் போட, அப்படியே பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். நன்றாகவே பாடினார்கள். போனைக் காதோடு அழுத்தி, அத்தனை குரல்களுக்குள் யேசுபாதத்தின் குரலைத் தேடினேன்.

அவன் பாடவில்லை.